கோடுக்கு பேக்கப் இருக்கு... செட்டிங்ஸுக்கு? லினக்ஸ் சர்வரில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு ஃபோல்டர்!

"இன்னைக்கு நைட் நம்ம சர்வர் மொத்தமா போயிடுச்சுன்னா, நாளைக்கு எத்தனை மணிக்குத் திரும்ப ஓட ஆரம்பிக்கும்?"

எந்த ஐ.டி. டீமிடம் இந்தக் கேள்வியைப் போட்டாலும் முதலில் வரும் பதில் தெம்பாகத்தான் இருக்கும். கோடு ஜிட்டில் இருக்கிறது. டேட்டாபேஸுக்குத் தினமும் பேக்கப் ஓடுகிறது. வேறென்ன வேண்டும்?

அந்தக் கோடையும் டேட்டாபேஸையும் ஒன்றாக ஓடவைத்த செட்டிங்ஸ் வேண்டும். எந்த போர்ட் திறந்திருக்க வேண்டும், எந்த டிஸ்க் எங்கே சேர வேண்டும், யார் உள்ளே வரலாம், எந்த வேலை ராத்திரி எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று சொல்லும் சின்னச் சின்ன ஃபைல்கள் அவை. "அதுக்கு பேக்கப் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "அது சர்வர்லயே இருக்குமே..." என்று இழுப்பார்கள். சர்வரே போய்விட்டால் என்பதுதானே கேள்வி!

லினக்ஸ் மெஷின்களின் கான்ஃபிகரேஷன் ஃபைல்களுக்கு பேக்கப் எடுப்பது கஷ்டமான வேலை இல்லை. காசும் பெரிதாக ஆகாது. அப்படியிருந்தும் அது தள்ளிப்போடப்படுகிறது. காரணம் டெக்னாலஜி இல்லை, அது யாருடைய வேலை என்று யாரும் சொல்லாததுதான்.

'இத்யாதி' என்று பெயர் வைத்த ஃபோல்டர்

லினக்ஸில் மெஷினின் பொது செட்டிங்ஸ் பெரும்பாலும் ஒரே ஃபோல்டரில் இருக்கும். டெக் ஆட்கள் அதை 'எட்ஸி' என்பார்கள். 'எட்செட்ரா' என்பதன் சுருக்கம். தமிழில் சொன்னால் 'இத்யாதி'. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் உருவான காலத்திலிருந்தே இந்தப் பெயர் இருக்கிறது. வேறெங்கும் சேராததைப் போட்டுவைக்கும் இடமாகத் தொடங்கியது, பின்னாளில் மெஷினின் மூளையாகவே மாறிவிட்டது.

யூசர் பட்டியல், பாஸ்வேர்டின் ஹாஷ், நெட்வொர்க் விவரம், வெப் சர்வர் செட்டிங்ஸ் எல்லாமே இங்கேதான். பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம். 'எஃப்ஸ்டேப்' என்ற ஃபைலில் டிஸ்க் பற்றிய ஒரு வரி தப்பானால், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்போது முழுசாக எழாமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடலாம். எஸ்.எஸ்.ஹெச். செட்டிங்கில் ஒரு எழுத்து பிசகினால், அதை மாற்றிய இன்ஜினீயரே உள்ளே போக முடியாமல் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு முக்கியமான இந்த ஃபோல்டரின் சைஸ்? பெரும்பாலான சர்வர்களில் சில எம்.பி.தான். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வரும் கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஒரு எம்.பி.யில் மாட்டிக்கொண்ட ரெஸ்யூமே

செட்டிங்ஸ் போனால் என்ன ஆகும்? திரும்ப இன்ஸ்டால் செய்தால் போச்சு என்று தோன்றலாம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

வேலைக்கு விண்ணப்பம் வாங்கும் ஒரு சின்ன வெப்சைட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் முன்னால் நிற்பது இன்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். யூசர் அனுப்பும் ஃபைல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு அதில் ஒரு வரம்பு உண்டு. யாரும் மாற்றாவிட்டால் அந்த வரம்பு 1 எம்.பி. அதற்கு மேல் போனால் 413 என்ற எர்ரரைக் காட்டி ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஒருவர், ஸ்கேன் செய்த ரெஸ்யூமேக்கள் போகாததைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு வரியில் அதை 20 எம்.பி. ஆக்கினார். வேலை முடிந்தது, எல்லோரும் மறந்தும் போனார்கள். பிறகு அவர் வேறு கம்பெனிக்கும் போய்விட்டார்.

இப்போது அந்த சர்வர் போய்விடுகிறது. புது சர்வர் எழுப்பி, ஜிட்டிலிருந்து கோடும் பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸும் கொண்டுவருகிறார்கள். ஹோம் பேஜ் வருகிறது, லாகின் ஆகிறது, டெஸ்ட்டுக்குப் போட்ட சின்ன பி.டி.எஃப். ஏறுகிறது. "ஆல் ஓகே" என்று மெசேஜ் போட்டுவிட்டு டீம் தூங்கப் போகிறது. ஆனால், கடைசித் தேதி அன்று செல்போனில் போட்டோ எடுத்து 3 எம்.பி. ஃபைலை அனுப்பும் ஒருவருக்கு மட்டும் அது போகாது. சைட் ஓடிக்கொண்டிருப்பதால் அலாரமும் அடிக்காது. அந்த நபருக்கு ஒரு வேலை வாய்ப்பு போய்விட்டது என்பதே கம்பெனிக்குத் தெரியாது.

கோடில் பிழை இல்லை, டேட்டாவும் தொலையவில்லை. தொலைந்தது ஒரு முடிவு. கான்ஃபிகரேஷன் ஃபைலில் உள்ள ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு பிரச்னையில் அடிபட்டு எடுத்த முடிவு. மெஷினை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த அனுபவத்தை மறுபடி அடிபட்டுத்தான் வாங்க வேண்டும்.

'டாட் பேக்' போட்டா போதுமா?

"நாங்க எடுக்காம இல்லையே" என்று சிலர் சொல்லலாம். ஃபைலை மாற்றும் முன் அதே இடத்தில் இன்னொரு காப்பி எடுத்து, பெயருக்குப் பின்னால் 'டாட் பேக்' என்று சேர்ப்பது பழைய வழக்கம். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால், அது அன்றைய மாற்றத்துக்கான அண்டூ பட்டன் மட்டும்தான். டிஸ்க் போனால் ஒரிஜினலோடு காப்பியும் போகும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் பேக், பேக்2, பேக் ஓல்டு, பேக் ஃபைனல் என்று ஒரு குடும்பமே இருக்கும். எது எப்போது எடுத்தது, எதற்கு எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டெபியன், உபுன்டு மெஷின்களில் இன்ஜின்எக்ஸ், 'சைட்ஸ் எனேபிள்டு' ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் படிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரு பேக் ஃபைலை வைத்தால், அதையும் உண்மையான செட்டிங்காக நினைத்து எடுத்துக்கொள்ளும்! அதேபோல, வெப்சைட்டின் ஃபைல்கள் இருக்கும் இடத்தில் பி.ஹெச்.பி. கான்ஃபிக் ஃபைலுக்குப் பேக் காப்பி எடுத்தால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு சேர்த்து அதை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து படிக்கும் நிலை வரலாம்.

"கிளவுட்ல ஸ்னாப்ஷாட் இருக்கு" என்பது அடுத்த பதில். ஸ்னாப்ஷாட் நல்லதுதான். ஆனால், அது மொத்த மெஷினையும் பழைய நேரத்துக்குக் கொண்டுபோகும். போன செவ்வாய்க்கிழமை எந்த வரி மாறியது, யார் மாற்றினார்கள் என்று அது சொல்லாது. அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டடமே எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

ஐந்து வழிகள் இருந்தும் கைகொடுக்காத இரவு

பேக்கப் 'இருக்கிறது' என்று நம்புவதற்கும், அது உண்மையில் இருப்பதற்கும் உள்ள தூரத்தைக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31, கிட்லேப். உலகம் முழுக்க டெவலப்பர்கள் கோடு சேமித்து வைக்கும் தளம் அது.

டேட்டாபேஸின் இரண்டு சர்வர்களில் ஒன்று பின்தங்கியதால், அதைச் சரிசெய்ய இரவில் ஓர் இன்ஜினீயர் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டா ஃபோல்டரை, முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியது.

பேக்கப்புக்கும் காப்பிக்கும் ஐந்து வழிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. தினசரி டேட்டாபேஸ் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் வெர்ஷன் 9.6, பேக்கப் எடுத்த கருவியின் வெர்ஷன் 9.2. தோல்வி பற்றிய எச்சரிக்கை மெயில்களும் போயிருக்கின்றன. ஆனால், மெயில் பாதுகாப்பு செட்டிங் சரியாக இல்லாததால் அவை வழியிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு டெஸ்ட்டுக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்.

இங்கே கவனிக்க வேண்டியது, பேக்கப்பைச் சத்தமில்லாமல் கொன்றவை கோடு அல்ல என்பது. ஒரு வெர்ஷன் தேர்வு, ஒரு மெயில் செட்டிங். இரண்டும் கான்ஃபிகரேஷன் சமாச்சாரங்கள். கிட்லேப் பிறகு வெளியிட்ட ஆய்வில், பேக்கப் ஏன் அவ்வப்போது சோதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கும் பதில் எழுதியிருந்தது: அந்த வேலைக்குப் பொறுப்பானவர் என்று யாருமே இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

நல்ல செய்தி என்னவென்றால், செட்டிங்ஸ் விஷயத்தில் ஒரு மதியப் பொழுதில் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

முதலாவது, மாற்றங்களின் வரலாறு. 'எட்ஸி கீப்பர்' என்று ஓர் இலவச டூல் இருக்கிறது. அது எட்ஸி ஃபோல்டரை ஒரு ஜிட் ரெப்போவாக மாற்றிவிடும். புது சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போதும், பொதுவாகத் தினம் ஒருமுறையும் மாற்றங்களைத் தானாகப் பதிவு செய்யும். சாதாரண ஜிட், ஃபைலின் ஓனர் யார் என்பதை நினைவில் வைக்காது. இந்த டூல் அதையும் தனியாகக் குறித்துவைக்கும். கையால் மாற்றும்போது மட்டும், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். "ரெஸ்யூமே போகலைன்னு கம்ப்ளெய்ன்ட், லிமிட் 20 ஆக்கியாச்சு" என்ற ஒரு வரி இருந்திருந்தால், மேலே சொன்ன கதையே நடந்திருக்காது.

இரண்டாவது, எட்ஸிக்கு வெளியே இருப்பவை. எல்லா செட்டிங்கும் அந்த ஃபோல்டருக்குள் இல்லை. யூசர்கள் போடும் க்ரான் வேலைகள் 'வார்' ஃபோல்டருக்குள் இருக்கும். கையால் எழுதிய ஸ்க்ரிப்ட்டுகள் பெரும்பாலும் 'யூஸர் லோக்கல்' ஃபோல்டரில் இருக்கும். ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல்கள் தனி. சொந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இவைதான் முக்கியம். வருஷக்கணக்கில் செதுக்கிய டெர்மினல் செட்டிங், எடிட்டர் செட்டிங் எல்லாம் அங்கேதான். இவற்றோடு, மெஷினில் இன்ஸ்டால் ஆகியிருக்கும் பேக்கேஜ்களின் பட்டியலையும் ஒரு ஃபைலில் எடுத்துவைப்பது நல்லது.

மூன்றாவது, வெளியூர் காப்பி. அமெரிக்க போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இன்றைக்கும் பொருந்தும்: மூன்று காப்பி, இரண்டு வகை மீடியா, ஒன்று வேறு இடத்தில். சில எம்.பி. ஃபைல்களுக்கு இது ஒரு செலவே இல்லை. ஆனால், ஒரு சர்வரை இன்னொன்றோடு அப்படியே சின்க் செய்துவிட்டு அதை பேக்கப் என்று சொல்லக் கூடாது. இங்கே நடந்த தப்பு, அடுத்த சின்க்கில் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிடும். பழைய காப்பிகளும் இருந்தால்தான் அது பேக்கப்.

நான்காவது, திரும்பக் கொண்டுவந்து பார்ப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷினை எழுப்பி, பேக்கப்பை மட்டும் வைத்து சர்வீஸை ஓடவைத்துப் பார்க்க வேண்டும். அப்போது ஒன்று புரியும்: பழைய எட்ஸியை அப்படியே புது மெஷின் மேல் கொட்டக் கூடாது. டிஸ்க்கின் அடையாள எண், நெட்வொர்க் கார்டின் பெயர் எல்லாம் மாறியிருக்கும். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை நிதானமான ஒரு மதியத்தில் கற்றுக்கொள்வது, சர்வர் விழுந்த நள்ளிரவில் கற்றுக்கொள்வதைவிட எவ்வளவோ மேல்.

பேக்கப்பே பிரச்னை ஆகிவிடக் கூடாது

ஓர் எச்சரிக்கையும் அவசியம். எட்ஸிக்குள் பாஸ்வேர்டு ஹாஷ்கள் இருக்கின்றன. எஸ்.எஸ்.ஹெச். சர்வரின் ரகசியச் சாவியும், பல மெஷின்களில் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழுக்கான சாவியும் அங்கேதான் இருக்கும். ஆர்வக் கோளாறில் அதைக் கொண்டுபோய் பப்ளிக் ரெப்போவில் போட்டால், வீட்டுச் சாவியைத் தெருமுனை டீக்கடையில் தொங்கவிட்ட கதைதான். ஒருமுறை போட்டுவிட்டு, பிறகு அழித்தாலும் ஜிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும்.

அதனால், வெளியே போகும் காப்பி என்க்ரிப்ட் ஆகியிருக்க வேண்டும். 'ரெஸ்டிக்', 'போர்க்' போன்ற இலவச டூல்கள் இதைச் செய்யும். அந்த என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டை விழுந்துபோன அதே சர்வரில் மட்டும் எழுதி வைத்திருந்தால் எதற்கும் உதவாது. குறைந்தது இரண்டு பேருக்கு அது கிடைக்கும்படி இருக்க வேண்டும்.

"எங்ககிட்ட எல்லாமே கோடா இருக்கு"

இதற்கெல்லாம் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அன்சிபிள், டெர்ராஃபார்ம், டாக்கர் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் செட்டிங்ஸே கோடாகத்தானே எழுதப்படுகிறது? சர்வர் போனால் புதிதாக ஒன்றை எழுப்பிவிடலாமே? எதற்குப் பழைய காலத்து பேக்கப்?

சரியான வாதம்தான். அப்படி முழு ஒழுங்கோடு நடத்தும் டீமுக்கு, அந்த ரெப்போவே கான்ஃபிகரேஷன் பேக்கப். ஆனால், ஒரு நிபந்தனை: யாரும் சர்வருக்குள் நேராகப் போய்க் கை வைக்கக் கூடாது. நடப்பது என்ன? ராத்திரி ஒன்றரை மணிக்கு சைட் விழுந்தால், ரெப்போவில் மாற்றி, ரிவ்யூவுக்கு அனுப்பிக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. "இப்போதைக்கு சர்வர்லயே மாத்திடுவோம், காலையில ரெப்போல போட்டுக்கலாம்" என்பார்கள். அந்தக் காலை வருவதே இல்லை. ஆறு மாதத்தில் ரெப்போ ஒன்று சொல்லும், சர்வர் இன்னொன்று செய்யும். அந்த இடைவெளியை மறுநாளே காட்டிக்கொடுக்கவாவது எட்ஸி கீப்பர் போன்ற ஒன்று தேவை.

யாருடைய வேலை?

பேக்கப் பற்றிய அறிவுரைகள் எல்லாம் தனி மனிதரைப் பார்த்தே சொல்லப்படுகின்றன. 'நீ ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும்' என்ற தொனி. சர்வர் விழுந்த மறுநாள் மீட்டிங்கில் தலைகுனிந்து நிற்பது, பெரும்பாலும் அந்த இரவு ஷிஃப்ட்டில் இருந்த ஜூனியர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒரு முடிவு எங்கேயும் எழுதப்படவில்லை என்பதற்கு, ஆறு மாதம் முன்பு சேர்ந்தவர் எப்படிப் பொறுப்பாக முடியும்?

கிட்லேப் அந்த இடத்தில் செய்தது மரியாதையான காரியம். கட்டளையை அடித்த இன்ஜினீயரின் பெயரைத் தன் ஆய்வறிக்கையில் போடவில்லை. ஒரு தவறான கட்டளை இவ்வளவு தூரம் போக எது அனுமதித்தது என்று கேட்டது. நம் ஊர் கம்பெனிகளும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும், சர்வர் விழுவதற்கு முன்பாகவே.

அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். செட்டிங்ஸ் பேக்கப்புக்கு ஒருவர், அவர் லீவில் இருந்தால் இன்னொருவர் என்று பெயர் எழுதப்பட வேண்டும். ரீஸ்டோர் டெஸ்ட்டுக்கு ஸ்பிரின்ட்டில் அரை நாள் ஒதுக்க வேண்டும். 'நேரம் கிடைத்தால்' என்ற பட்டியலில் அது இருக்கக் கூடாது. நோட்டீஸ் பீரியடில் இருப்பவரிடம் லேப்டாப்பையும் ஐ.டி. கார்டையும் கேட்டு வாங்கும் கம்பெனி, "சர்வர்ல கையால என்னென்ன மாத்தியிருக்கீங்க?" என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். ஆக்சஸ் கார்டு தொலைந்தால் 500 ரூபாயில் புதிது வாங்கலாம். அந்தக் கேள்வியின் பதில் தொலைந்தால் விலைக்குக் கிடைக்காது.

செட்டிங்ஸ் ஃபைலைக் காப்பாற்றுவது என்பது மெஷினுக்குச் செய்யும் சேவை இல்லை. நாளை அந்த நாற்காலியில் வந்து உட்காரப்போகும் ஒருவருக்கும், கடைசித் தேதியில் 3 எம்.பி. ரெஸ்யூமேயோடு காத்திருக்கும் இன்னொருவருக்கும் செய்வது. அடுத்த முறை சர்வரில் ஒரு வரியை மாற்றிவிட்டு மூடும் முன், அது ஏன் என்று இன்னொரு வரி எழுதிவிடலாம். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.